புதிய ஈ.ஆர்.பி.யை எந்தத் தேதியில் லைவ் கொண்டுபோவது?

கேள்வியின் சுருக்கம் இது. மொத்த விநியோகம் செய்யும் நிறுவனம், சுமார் 120 பயனர்கள், மூன்று கிடங்குகள். பழைய கணக்கு மென்பொருளையும் தனியாக ஓடும் ஸ்டாக் மென்பொருளையும் எடுத்துவிட்டு கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருள் வரப்போகிறது. அதை உண்மையான வேலைக்குத் திறந்துவிடுவதுதான் லைவ் போவது. ஆர்டர் நெரிசல் செப்டம்பர் நடுவில் தொடங்கி டிசம்பரில் அடங்கும். நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்குகிறது, வரிக் கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை. நிர்வாகம் ஜனவரி 1 என்கிறது. மென்பொருள் தருபவர்கள், ஆகஸ்ட் கடைசியில் வேலை முடிந்துவிடும், செப்டம்பர் 1 போகலாம் என்கிறார்கள். கணக்குப் பிரிவு, மார்ச்சில் ஆடிட் முடியட்டும் என்கிறது. யார் சொல்வது சரி?

கணக்குப் பிரிவு சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் போங்கள். அதோடு, ஏப்ரல் தவறினால் போகப்போகும் இரண்டாவது தேதியையும் இப்போதே எழுதி, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்களுக்கு அது ஜூன் தொடக்கம். அதுவும் தவறினால் நேராக அடுத்த ஆண்டு ஏப்ரல்தான். நடுவில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று எதுவும் பேச்சிலேயே வரக்கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? முதலில் தவறான தேதியைப் பிடித்து மாட்டிக்கொள்பவர்களைவிட, நல்ல தேதியைப் பிடித்துவிட்டு அது நழுவும்போது கூடவே நழுவுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். இதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி. சுமார் 11.2 கோடி டாலர் செலவிட்டு எஸ்.ஏ.பி. உள்ளிட்ட மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை இணைத்துப் போட்டார்கள். முதலில் குறித்தது 1999 ஏப்ரல். சாக்லேட் தொழிலுக்கு அது மந்தமான காலம், அருமையான தேர்வு. வேலை முடியாமல் மூன்று மாதம் தள்ளி, ஜூலையில் லைவ் போனார்கள். ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தது, கடைகளுக்குத்தான் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியாமல், அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் சரிந்தது. தள்ளிப்போட்டதில் தவறில்லை. தள்ளிப்போட்ட தேதி எங்கே போய் விழுகிறது என்று பார்க்காததுதான் தவறு.

ஆகவே கணக்கை நெரிசலிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கடந்த 104 வாரங்களுக்கு, வாரம் எத்தனை ஆர்டர் வரி (ஆர்டரில் ஒரு பொருளுக்கு ஒரு வரி), எத்தனை டெஸ்பாட்ச் (சரக்கு அனுப்புதல்), எத்தனை இன்வாய்ஸ் என்று எடுத்து ஒரு கோட்டுப்படம் வரையுங்கள். மாத மொத்தம் போதாது, அது உச்ச வாரங்களை மறைத்துவிடும். சரக்கு உள்ளே வரும் எண்ணிக்கையைத் தனிக்கோடாகப் போடுங்கள். விற்பனை நெரிசல் செப்டம்பர் நடுவில்தான் என்றாலும் அதற்கான கொள்முதல் ஆகஸ்டிலேயே கிடங்கை நிரப்பத் தொடங்கியிருக்கும். உங்கள் நெரிசலின் உண்மையான தொடக்கம் ஆகஸ்ட் 1.

லைவ் போன முதல் சில வாரங்களில் எல்லோருடைய வேகமும் குறையும். முன்பு இரண்டு நிமிடத்தில் போட்ட இன்வாய்ஸுக்கு ஆறு நிமிடம் ஆகும். முதல் மாத முடிவில் கணக்கை மூடும்போது, தினசரி வேலையில் தெரியாத பிழைகள் வெளியே வரும்: வரிக் குறியீடு தவறான பொருள்கள், விலை பதிவாகாத கொள்முதல் ரசீதுகள், கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகாத ஸ்டாக் மதிப்பு. இரண்டாவது மாத முடிவில், முதல் மாதத்தில் திருத்தியது உண்மையிலேயே திருந்தியதா என்று தெரியும். எனவே நெரிசல் தொடங்குமுன் இரண்டு மாத முடிவுகளைச் சுத்தமாக மூடியிருக்க வேண்டும். ஏப்ரலில் போனால் மே தொடக்கத்திலும் ஜூன் தொடக்கத்திலும் இரண்டும் முடிந்து, ஏழெட்டு வாரம் கையிருப்பாக இருக்கும். ஜூனில் போனால் இரண்டாவது மூடல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து விழும். விளிம்புதான், ஆனாலும் சமாளிக்கலாம். ஜூலையில் போனால் முதல் மூடலே நெரிசலுக்குள் வந்துவிடும்.

இனி நிர்வாகத்தின் ஜனவரி 1. ஆண்டுத் தொடக்கம் எல்லோருக்கும் பிடிக்கும், காரணமும் இருக்கிறது. முழு ஆண்டும் ஒரே மென்பொருளில் இருக்கும். லாப நட்டக் கணக்குகள் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஏற்ற வேண்டியது ஐந்தொகைக் கணக்குகளின் (சொத்து, கடன், மூலதனம்) இருப்புகள் மட்டுமே. காகிதத்தில் இதைவிடச் சுத்தமான நாள் கிடையாது. நடைமுறையில், ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு, முழு ஸ்டாக் எண்ணிக்கை, ஆடிட்டர் கேட்கும் பட்டியல்கள், நெரிசலுக்குப் பின் திரும்பி வரும் சரக்கு எல்லாம் ஒரே ஐந்தாறு பேர் தலையில் விழும் மாதம் அது. புதிய மென்பொருளைச் சோதிக்க வேண்டியவர்களும் அதே ஐந்தாறு பேர்தான். அதோடு, டிசம்பர் 31 இருப்புகள் ஜனவரி 1-இல் இறுதியாக இருக்காது. ஆடிட் திருத்தங்கள் மார்ச் வரை வரும், ஒவ்வொன்றையும் பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை போட வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது 12 மாதம் கழித்துத்தான் என்பதால், தயாரில்லை என்று தெரிந்தும் துணிந்து போகச் சொல்லும் அழுத்தம் வரும். இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள்: எல்லா வாடிக்கையாளரும் ஆண்டுத் தொடக்கத்தையே கேட்பதால், உங்களுக்குப் பழக்கமான கன்சல்டன்ட் அந்த வாரம் இன்னும் இரண்டு இடங்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆண்டின் நடுவில் போனால் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடுமே என்ற பயம் அளவுக்கு மீறியது. பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்குவாரியான நிகரத் தொகையை ஒரு ஜர்னலாக (தொகுப்புக் கணக்குப் பதிவாக) ஏற்றினால் போதும். 400 கணக்குத் தலைப்புகள் இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை 1,200 பதிவு வரிகள். ஒப்பீட்டுக்காகச் சென்ற ஆண்டையும் சேர்த்தால் இன்னும் 4,800. ஒரு பிற்பகல் வேலை. உங்களுக்குக் காலாண்டு வரிக் கணக்கு என்பதால் ஏப்ரல் 1 இன்னும் வசதி: ஒரு காலாண்டுக்கான விவரத்தை இரண்டு மென்பொருள்களிலிருந்து எடுத்து ஒட்டும் வேலை மிச்சம். ஜூன் தேதிக்குப் போனால் அந்த ஒட்டுவேலை ஒருமுறை உண்டு, அவ்வளவுதான். மாதத்தின் நடுவில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். வங்கிச் சரிபார்ப்பு, வரி, ஸ்டாக் மதிப்பு மூன்றும் அரைகுறையாக இரண்டு பக்கமும் கிடக்கும்.

சம்பளப் பட்டியல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. வரிப் பிடித்தம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போகும் கணக்கு என்பதால், நடுவில் மாற்றினால் ஒவ்வொரு ஊழியருக்கும் அதுவரையிலான தொகைகளைத் தனித்தனியாக ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். புதிய மென்பொருளில் சம்பளமும் உண்டென்றால் அதை இதிலிருந்து பிரித்து, வரி ஆண்டு தொடங்கும்போது தனியாகக் கொண்டுபோங்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, ஆள்வாரியாகக் கடைசிக் காசு வரை ஒப்பிடுங்கள். இப்படி இரண்டையும் சேர்த்து ஓட்டுவது சம்பளத்துக்குப் பொருந்தும். கிடங்குக்கு ஒத்துவராது. ஒரே டெஸ்பாட்ச்சை இரண்டு இடத்தில் போடச் சொன்னால் மூன்றாவது நாளே ஏதாவது ஒன்றில் போடுவதை நிறுத்திவிடுவார்கள், பிறகு எந்த எண் சரியென்று யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 1 பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, வேண்டாம். மென்பொருள் தயார் என்று அவர்கள் சொல்வது திரைகளும் அறிக்கைகளும் தயார் என்ற அர்த்தத்தில். உங்கள் டேட்டாவும் உங்கள் ஆட்களும் தயார் என்ற அர்த்தத்தில் அல்ல. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதம் சும்மா இருப்பதா என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தில் அந்தக் காலத்துக்கு முழு அணிக்கும் பணம் கொடுக்காமல், உங்கள் அமைப்பைக் கட்டிய இருவரை மட்டும் பகுதி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கலைந்துபோனால் ஏப்ரலில் வருபவர்களுக்கு நீங்கள்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். நெரிசல் முடியும் வரை கிடங்கு ஆட்களைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர், சப்ளையர், பொருள் பட்டியல்களைச் சுத்தம் செய்யும் வேலை ஓடட்டும். இரண்டு ஆண்டாக அசையாத பொருளையும் கணக்கையும் ஏற்றாமல் விட்டுவிட்டாலே சரிபார்க்க வேண்டிய பட்டியல் நன்றாகச் சுருங்கும்.

கிளவுட் மென்பொருள் (தயாரிப்பவரின் சர்வரில் இணையம் வழியாக ஓடுவது) என்றால் இன்னொரு நாட்காட்டியும் பார்க்க வேண்டும், அதைத் தயாரிப்பவருடையது. உதாரணமாக, மைக்ரோசாஃப்டின் ஈ.ஆர்.பி.யான டைனமிக்ஸ் 365 பிசினஸ் சென்ட்ரலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், பெரிய பதிப்பு வெளியாகிறது. ஏப்ரலில் லைவ் போகும் உங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. சோதித்தது ஒரு பதிப்பில், லைவ் போனது வேறொரு பதிப்பில் என்று ஆகிவிடக்கூடாது. குறிப்பிட்ட கால எல்லைக்குள் அந்த அப்டேட்டின் நாளை நிர்வாகியே அமைத்துக்கொள்ள முடியும். முதல் மாத மூடலைத் தாண்டிய ஒரு நாளில் வையுங்கள்.

அடுத்து, எந்த நாள், எந்த மணி. வெள்ளி மாலை 6 மணிக்குப் பழையதை நிறுத்தித் திங்கள் காலை 6 மணிக்குத் திறந்தால் 60 மணி நேரம். அதற்குள் கடைசிப் பரிவர்த்தனைகளை முடித்து, பேக்கப் எடுத்து, டேட்டாவை ஏற்றி, சரிபார்த்து, பிரிண்டர், ஸ்கேனர், வங்கி இணைப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதை ஒத்திகையாகக் குறைந்தது இரண்டு முறை, ஒவ்வொரு படிக்கும் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். கடைசி ஒத்திகை 42 மணிக்குள், அதாவது கையில் உள்ள நேரத்தில் 70 சதவீதத்துக்குள், முடிந்திருக்க வேண்டும். 55 மணி எடுத்தால் அந்த வார இறுதி உங்களுக்குப் போதாது. எந்தப் பட்டியலை முன்கூட்டியே ஏற்றலாம் என்று பாருங்கள். வாடிக்கையாளர், சப்ளையர், பொருள் விவரங்களை ஒரு வாரம் முன்பே ஏற்றிவிட்டு, அதன் பிறகு வரும் மாற்றங்களை ஒரு பதிவேட்டில் குறித்து இரண்டு பக்கமும் போடலாம். கடைசி இரவுக்கு எஞ்ச வேண்டியவை ஸ்டாக், திறந்த ஆர்டர்கள், வர வேண்டிய, கொடுக்க வேண்டிய பில்கள் மட்டும்.

பின்வாங்கும் மணியையும் எழுதிவைக்க வேண்டும். பழைய மென்பொருளை மீண்டும் ஓடவைக்க 6 மணி நேரம், அதைச் சரிபார்க்க 4 மணி நேரம் என்றால், திங்கள் காலை 6 மணியிலிருந்து 10 மணி நேரம் பின்னால் போனால் ஞாயிறு இரவு 8. அந்த நேரத்தில் புதியது சரிபார்ப்பைத் தாண்டவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும். இதை முன்பே முடிவுசெய்யாதவர்கள் இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று விடியும்வரை போவார்கள். விடிந்த பிறகு இரண்டு மென்பொருள்களும் கையில் இருக்காது.

தொடர் விடுமுறையில் செய்தால் 84 மணி நேரம் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். வங்கியும் லாரி நிறுவனமும் மூடியிருப்பதால் அந்த இணைப்புகளைச் சோதிக்க முடியாது, அழைத்தால் வரவேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார், விடுமுறை முடிந்த முதல் நாள் இரண்டு நாள் ஆர்டர் ஒன்றாக வந்து இறங்கும். சாதாரண வார இறுதியே மேல்.

மாதத் தொடக்கம் திங்கட்கிழமையில் விழுவது அபூர்வம். ஏப்ரல் 1 புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாற்றத்தை 3-ஆம் தேதி வெள்ளி மாலை தொடங்குங்கள். புதன் முதல் வெள்ளி வரையிலான மூன்று நாள் பரிவர்த்தனைகள் பழையதில் நடக்கும். அவற்றில் கடன் பில்கள் திறந்த பில்களாகவே புதியதில் வந்துவிடும், ஸ்டாக்கும் வெள்ளி மாலை எண்ணிக்கைப்படி வரும். விற்பனை, வரித் தொகைகளை ஒரு ஜர்னலில் ஏற்றலாம். கணக்குப் புத்தக இருப்புகள் முதல் நாளே வேண்டும் என்பதும் இல்லை. திங்கள் காலை சரியாக இருக்க வேண்டியவை நான்கு: எந்த இடத்தில் எவ்வளவு ஸ்டாக், யாருக்கு என்ன அனுப்ப வேண்டும், என்ன வர வேண்டும், யார் எவ்வளவு பாக்கி. மார்ச் கணக்கைப் பழையதில் நிதானமாக மூடி, அந்த டிரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியலை) ஏப்ரல் 15 வாக்கில் ஏற்றினால் போதும். பொருள் நகரும் தேதியையும் கணக்கு மூடும் தேதியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேதிச் சண்டையில் பாதி ஓய்ந்துவிடும்.

கிடங்குகள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவதா? பழைய ஸ்டாக் மென்பொருள் மூன்றுக்கும் பொதுவாக இருந்து, கிடங்குகளுக்குள் தினமும் சரக்கு மாற்றம் நடந்தால், ஒரே நாள்தான் சரி. இல்லையென்றால் பாதிச் சரக்கு இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே தொங்கும். தனித்தனியாக இயங்குகிறவை என்றால் ஒன்றை முதலில் மாற்றலாம். வழக்கமாக ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பார்கள். எளிமையான வேலை மட்டும் நடக்கும் கிடங்கிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. திரும்பி வரும் சரக்கு, பாதி அனுப்புதல், தொகுதி எண் உள்ள பொருள் என எல்லா வகையும் நடக்கும் நடுத்தரக் கிடங்கை எடுங்கள். அடுத்ததற்கு இடைவெளி குறைந்தது ஆறு வாரம், அதாவது ஒரு மாத மூடலும் அதில் கண்டதைத் திருத்த இரண்டு வாரமும். உங்கள் நாட்காட்டியில் அப்படி மூன்று அலைக்கு இடமில்லை, இரண்டுக்குத்தான் உண்டு.

தேதி எதுவானாலும், போகலாமா வேண்டாமா என்பதை மூன்று முறை கேட்க வேண்டும்: ஆறு வாரம் முன்பு, இரண்டு வாரம் முன்பு, இரண்டு நாள் முன்பு. வாக்கு கிடங்குப் பொறுப்பாளர், விற்பனைப் பொறுப்பாளர், கணக்குத் தலைவர் கையில் இருக்கட்டும். மென்பொருள் தருபவரும் திட்ட மேலாளரும் தகவல் சொல்லலாம், அவர்கள் பச்சைக் கொடி காட்டினால் அதற்கு மதிப்பில்லை. பார்க்க வேண்டியவை அளவாக இருக்க வேண்டும். டேட்டா ஏற்றிய பின் வர வேண்டிய பாக்கியின் கூட்டுத்தொகைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் வித்தியாசம் பூஜ்யம். ஸ்டாக் மதிப்பிலும் அதே. ஆர்டர் முதல் பணம் வரும்வரை முழுச் சங்கிலியும் உண்மையான டேட்டாவில், உங்கள் ஆட்கள் கையாலேயே ஓடியிருக்க வேண்டும். வேலையை நிறுத்தும் பிழை ஒன்றுகூட இல்லை. மாற்றுவழி உள்ள பிழைகள் ஐந்துக்குள், ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி எழுத்தில். நெரிசல் நாளின் ஒன்றரை மடங்குச் சுமையில், லைவ் ஓடப்போகும் அதே சர்வர்களில் சோதனை. பயிற்சி லைவ் நாளுக்கு முந்தைய மூன்று வாரத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அதற்கு முன் கற்றது மறந்துபோகும், எனவே தேதி ஒரு மாதம் தள்ளினால் பயிற்சியும் திரும்ப உண்டு.

அதே சர்வர்களில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி. 2017 நவம்பரில் நடக்க வேண்டிய மாற்றம் தள்ளிப்போய் 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் நடந்தது. டேட்டா ஒழுங்காக வந்து சேர்ந்தது, அது ஓடிய புதிய அமைப்புதான் சுமையைத் தாங்கவில்லை. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். இரண்டு டேட்டா மையங்களில் ஓடப்போவதை ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை செய்திருந்தது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. 2022 டிசம்பரில் 4.865 கோடி பவுண்ட் அபராதம். தள்ளிப்போட்டுக் கிடைத்த ஐந்து மாதம், எது தயாரில்லை என்று கண்டுபிடிக்கப் பயன்படவில்லையென்றால் தள்ளியதில் பயனில்லை.

ஆகவே ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ள வேண்டி வந்தால், எந்த அளவுகோல் தவறியது, அதைச் சரிசெய்ய எத்தனை நாள், யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் பொதுப்படையாக வந்தால் ஜூனிலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். ஜூனிலும் தயாராகாவிட்டால் நாளில் குற்றமில்லை, வேலையின் அளவு பெரிது. முதல் நாளில் தேவையில்லாத அறிக்கைகளையும் அனுமதிப் படிகளையும் வெட்டி, லைவுக்குப் பின் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போவதும் ஆபத்து. சுத்தம் செய்த டேட்டா மறுபடி அழுக்காகும், முக்கியப் பயனர் ஒருவர் வேலையை விட்டுப் போவார், புதுக் கோரிக்கைகள் முளைக்கும்.

தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் எவ்வளவு செலவு என்பதை இப்போதே கணக்கிட்டு வையுங்கள்: கன்சல்டன்ட் கட்டணம், இரண்டு லைசென்ஸ், கூடுதல் ஆள் நேரம். நெரிசல் காலத்தில் ஒரு வாரம் டெஸ்பாட்ச் நின்றால் எவ்வளவு என்பதை அதன் பக்கத்தில் எழுதினால், கூட்டத்தில் குரலை உயர்த்த வேண்டிய தேவை இருக்காது.

கடைசியாக, பழைய மென்பொருளின் லைசென்ஸ் எந்த நாளில் முடிகிறது என்று இன்றே பாருங்கள். பல நிறுவனங்களில் லைவ் தேதியை உண்மையில் முடிவுசெய்வது அந்த நாள்தான். உங்கள் இரண்டாவது தேதிக்கும் மூன்று மாதம் தாண்டி, அதாவது ஆகஸ்ட் கடைசி வரை, நீட்டிக்கும் விலையை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவசரம் தெரிந்த பிறகு கேட்டால் விலை வேறு. அதன் பிறகும் பழைய கணக்குகளைப் பார்க்க மட்டும் இரண்டு மூன்று பேருக்கு அனுமதி தேவைப்படும். சட்டப்படி எத்தனை ஆண்டு ஆவணங்களை வைத்திருக்க வேண்டுமோ அத்தனை ஆண்டுக்கு.